ஏழாம் நம்பர் ஷூ

பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டேன். ஓயாமல் பேசுகிற எனக்குப் பல்வலி என்றதும் லாண்டரியில் எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். "ரெண்டு நாளா போட்டுக்க மொளகா, எங்க காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள் இஸ்திரி ரோலரில் துணி விடுகிறவள். மிளகாய் என்பது அங்கே எனக்கு வைத்த பெயர். வேறு நாளாக இருந்தால் அவளுக்கு அங்கேயே சரியாகக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு வலிக்காத கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வாயை மூடியபடி வெளியே வந்துவிட்டேன்.

பல் டாக்டரிடம் போகவில்லை. கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இலவசமாக வழி சொல்கிறார்கள் என்று பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு மாதமாக அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்தின் மாடியில், குழந்தைகள் புத்தகப் பகுதிக்குப் பக்கத்து அறை. காத்திருக்கப் போட்டிருந்ததும் குழந்தைகள் நாற்காலிதான். முழங்கால் மோவாயில் இடிக்கிற அளவுக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு தலையணை உறை, அதற்குள் பிரிக்காத கடிதங்கள்.

என் நிலைமை இதுதான். வாங்குவது இப்போது, கட்டுவது அப்புறம் என்று ஓர் ஆப். பொருள் உடனே வீட்டுக்கு வந்துவிடும், காசைத் தவணையில் கொடுத்தால் போதும். கடன் என்ற வார்த்தையே அதில் எங்கேயும் கிடையாது. சம்பளம் பாங்கில் விழுந்த அன்று காலையில், நான் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே அது தன் பங்கை உருவிக்கொண்டு போய்விடும். தவறினால் அபராதம், அபராதத்துக்கு மேல் அபராதம். மிச்சக் காசில் சாப்பிடலாம், வாடகை கொடுக்க முடியாது. இரண்டு மாத வாடகை பாக்கி. முப்பதாம் தேதிக்குள் கொடு, இல்லாவிட்டால் காலி பண்ணு என்று வீட்டு ஓனரம்மா சொல்லிவிட்டாள். வாடகை கொடுக்கிற வேலை என்னுடையது என்பதால் அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். என் வீட்டுக்காரருக்கு எதுவுமே தெரியாது.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பயங்கரச் சளி. மேசையின் ஒரு பக்கம் காகிதக் கட்டு, மறு பக்கம் கைக்குட்டைக் கட்டு. மனதுக்குள் அவருக்குச் சளி சார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"எத்தன பொருள் வாங்கினீங்கம்மா?"

"நாலு சார்." அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அஞ்சாவும் இருக்கலாம். ஆறு... தெரியல சார்."

"பரவால்ல. இங்க வர்ற யாருக்குமே தெரியறதில்ல. கொட்டுங்க பாப்போம்."

தலையணை உறையைக் கவிழ்த்தேன். கடிதங்கள் விழுந்தன, கூடவே அலமாரியில் ஒளித்து வைத்திருந்தபோது உள்ளே போய்விட்ட ஒரு பழைய சாக்ஸும் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. சாக்ஸை மடித்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு உறையாகப் பிரிக்க ஆரம்பித்தார். எட்டு மாதமாக நான் பிரிக்கப் பயந்த காகிதங்களை அவர் மளிகைச் சீட்டு படிக்கிற முகத்தோடு படித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆப்ல ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியா இருக்கும். போனக் குடுங்க, அதயும் பாத்து ஒரு லிஸ்ட் போட்டுடுவோம்."

கொடுத்தேன். வாங்கியவர் போனைத் திருப்பினார். பின்னால் வெள்ளைப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது.

"மொளகான்னு போட்டு நாலு நம்பர் இருக்கே, என்னதும்மா இது?"

"பூட்டு நம்பர் சார்."

"போனோட பூட்டு நம்பரா? போனுக்குப் பின்னாடியேவா?"

"எங்க லாண்டரில எல்லாரும் அப்படித்தான் சார் ஒட்டியிருக்கோம்" என்றேன், அது ஏதோ பெருமை மாதிரி.

அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் லாண்டரியில் பன்னிரண்டு பெண்கள். ஓட்டல்களில் இருந்தும் ஆஸ்பத்திரிகளில் இருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் மூலையிலும் பெயரும் நம்பரும் அச்சடித்த பட்டையைச் சூடு வைத்து ஒட்டுவோம். ஒட்டாத துணி காணாமல் போகும், அதற்கு எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தப் பயத்தில் எங்களுக்கு எதைக் கண்டாலும் பட்டை ஒட்டுகிற பழக்கம் வந்துவிட்டது. டப்பா, குடை, சீப்பு எல்லாவற்றிலும் ஒட்டுவோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டே துணி விட்ட ஒருத்தியின் விரல்கள் சூடான ரோலருக்குள் போய்விட்டன. அன்றிலிருந்து உள்ளே போன் கூடாது. வேலைக்கு வந்ததும் எல்லா போனும் ஒரு தகரப் பெட்டிக்குள் போய்விடும், சாவி ஒரே ஆளிடம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் யார் எடுப்பது? சாவி வைத்திருக்கிறவள் எடுப்பாள். தவறிய அழைப்பை அவள் எப்படிப் பார்ப்பாள்? அதற்குத்தான் பட்டை. பெயர், பக்கத்திலேயே பூட்டு நம்பர். சளி சாரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, பள்ளிக்கூடத்துக் காய்ச்சலைப் பற்றி யோசித்த பன்னிரண்டு பெண்களில் ஒருத்திகூட வேறு எதையும் யோசிக்கவில்லையே என்று எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெட்டிச் சாவி வைத்திருந்தவளைப் பெட்டியக்கா என்று கூப்பிடுவோம். எனக்கு வெறும் அக்கா. விரிப்பு மடிப்பதில் ஒன்பது வருஷமாக நாங்கள் ஜோடி. ரோலரில் இருந்து வருகிற விரிப்பில் இரண்டு மூலை அவளுக்கு, இரண்டு மூலை எனக்கு. ஒரு உதறல், ஒரு இழுப்பு, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலைகளை அவள் கையில் கொடுப்பேன், குனிந்து மடிப்பை எடுப்பேன். ஒரு நாளைக்கு நானூறு தடவை. என் வீட்டுக்காரர் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

கடன் விஷயம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

சளி சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். "வாஷிங் மெஷின்."

"என்னோடதுதான் சார்." ஊர் அழுக்கையெல்லாம் துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் கை எழும்பாது. அதற்காக வாங்கினேன்.

"டேப்லெட்."

"மகளோட படிப்புக்கு."

"மூக்குக் கண்ணாடி. மெத்தை."

"ரெண்டும் எங்க வீட்டுக்காரருக்கு. முதுகு வலி."

"ஒரு மொபைல் போன்."

"மொபைலா? நான் வாங்கலையே."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "மைக்ரோவேவ் அடுப்பு?"

"எங்க வீட்ல அது இல்லவே இல்ல சார்."

"ஆம்பளைங்க ஜாக்கெட் ஒண்ணு. குழந்தைக் கட்டில் ஒண்ணு."

"சார், என் மகளுக்குப் பதினாலு வயசு."

"கடைசியா ஒண்ணு. பெண்கள் ஷூ, உள்ள மெத்து வெச்சது, பழுப்பு நிறம், ஏழாம் நம்பர்."

நான் கீழே குனிந்து பார்த்தேன்.

பழுப்பு நிறம். உள்ளே மெத்து. ஆறு மாதமாக என் காலில் இருக்கிறது. ஒரு நாள் நின்று நின்று கணுக்கால் வீங்கி நான் சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அக்கா ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "உன் காலப் பாக்கச் சகிக்கலடி, போட்டுத் தொல" என்றாள். வீட்டுக்குப் போய் அழுதேன். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு நாள் அதைப் போடவே மனசு வராமல் பெட்டியோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க டெலிவரி ஆச்சுன்னு இருக்கு பாருங்க" என்று சளி சார் போனை நகர்த்தினார். "அஞ்சும் ஒரே விலாசம். லாண்டரியோட பின்பக்க கேட்."

குழந்தைக் கட்டில் எனக்கு ஞாபகம் வந்தது. நீளமான அட்டைப் பெட்டி. அக்காவின் மருமகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. பெட்டியை வண்டியில் ஏற்ற அவள் திணறியபோது, "தள்ளுக்கா, நீ பாட்டி ஆயிட்ட, இடுப்பு போயிடும்" என்று கிண்டலடித்துக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டது நான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை அவள் முதலிலேயே கிழித்திருந்தாள்.

"யாரா இருக்கும்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

 சளி சார் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, என் சம்பளத்தை மேலே எழுதி, வாடகை, கரண்டு, சாப்பாடு, பஸ் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டினார். "மொதல்ல வாடகை. வீடு போனா எல்லாம் போச்சு. இன்னைக்கே பாங்குக்குப் போய் அந்த ஆப் தானா பணம் எடுக்கறத நிறுத்தச் சொல்லிடுங்க. எடுக்க விடாதீங்க. கம்பெனிக்கு நான் எழுதறேன், அபராதத்த நிறுத்திட்டுச் சின்னச் சின்னத் தவணையா வாங்கிக்கச் சொல்லி. இதுக்காக இன்னொரு எடத்துல கடன் மட்டும் வாங்கிடாதீங்க. ஆனா..." பேனாவால் தட்டினார். "ஒம்போது பொருளுக்கும் கட்டறதுன்னா வாடகை பாக்கிக்கு எடமே இல்ல. நாலுன்னா இருக்கு. அந்த அஞ்சும் உங்களுது இல்லன்னா, எப்படி நடந்தது, யாருகிட்ட போன் இருந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அத வெச்சு உங்க ஓனரம்மாகிட்டயும் நானே பேசறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அன்று புதன்கிழமை. பாங்குக்குப் போனேன், நிறுத்தச் சொன்னேன், வீட்டுக்கு வந்தேன், சமைத்தேன். எதுவும் என் கையால் செய்த மாதிரி இல்லை. எட்டு மாதமாகக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. என்னடா இது, நாலு பொருளுக்கு இவ்வளவா என்று அக்காவிடம் புலம்புவேன். "எதையாச்சும் வாங்கி மறந்திருப்படி, உனக்குக் கைல காசு நிக்காது" என்பாள். நம்பினேன். எனக்குக் கை ஓட்டை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு, பஸ்ஸில் போகிற பாதி தூரத்தை நடந்தேன், டீயை விட்டேன். கடிதம் வந்தால் "பிரிக்காத, பிரிச்சா தூக்கம் போயிடும்" என்பாள். இந்த மாதிரி ஓர் அலுவலகம் இருக்கிறது, போகலாமா என்று கேட்டதற்கு, "போய் மானத்த வாங்கிக்காத, வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்றாள். எல்லாம் என் மேல் இருந்த அக்கறை என்று நினைத்தேன். பாவி, என் மேல் எவ்வளவு அக்கறை.

மறுநாள் வேலைக்குப் போனேன். போனைப் பெட்டியில் போட்டேன், பட்டையோடு. அவள் வாங்கிக்கொண்டு, "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"புடுங்கியாச்சு" என்றேன்.

ரோலர் ஓட ஆரம்பித்தது. முதல் விரிப்பு வந்தது. இரண்டு மூலை அவளுக்கு, இரண்டு மூலை எனக்கு. உதறினோம்.

"அக்கா, இந்த ஷூ எங்க வாங்கினது?"

"ஏன்டி, பிஞ்சு போச்சா?"

"இல்ல, நல்லா உழைக்குது. எங்கன்னுதான் கேட்டேன்."

"கடைலதான்." இழுத்தோம். எதிரெதிராக நடந்தோம்.

"எந்தக் கடை?"

மூலைகளை நீட்டினேன். அவள் கை தவறிவிட்டது. ஒன்பது வருஷத்தில் நான் கொடுத்த மூலையை அவள் கீழே விட்டதே இல்லை. துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருகிட்டடி போன?"

"கடனுக்கு வழி சொல்ற எடத்துக்கு."

"நான்தான் போகாதன்னு சொன்னேனே!"

"சொன்ன. ஏன் சொன்னன்னு நேத்துதான் புரிஞ்சது."

அடுத்த விரிப்பு வந்துவிட்டது. ரோலர் யாருக்காகவும் நிற்காது. பிடித்தோம், உதறினோம். அவள் குரலைத் தாழ்த்தி, துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கட்டிடலாம்னுதான்டி எடுத்தேன். சத்தியமா. என் பேர்ல குடுக்க மாட்டேன்னுட்டான், பழைய பாக்கி இருக்குன்னு. மொபைலுக்கு மொத ரெண்டு தவண நான்தான் கட்டினேன், உனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் மருமகளுக்குப் பிரசவம். பையன் சம்பாதிக்கறது அவனுக்கே பத்தல. ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணக் கட்டிடலாம்னு பாத்தா முடியல. உன்கிட்ட இருந்து எடுத்த மாதிரியே எனக்குத் தோணலடி. நீயும் நானும் வேறயா?"

"பன்னண்டு போன் இருந்துச்சே. ஏன் என்னோடது?"

அவள் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "நீதான் மெசேஜ் வந்தாப் பாக்க மாட்ட" என்றாள். "பயந்துக்குவ."

என் கோபம் ஊருக்கே தெரியும். ஊசி போட வந்த நர்ஸையே அழ வைத்தவள் நான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சத்தமே வரவில்லை.

"எட்டு மாசமா நான் டீ குடிக்கலக்கா" என்றேன். "நான்தான் கண்டபடி செலவு பண்றேன்னு நெனச்சு நிறுத்தினேன். தெனமும் இடைவேளைல என் பக்கத்துல உக்காந்து நீ குடிச்ச. ஒரு வாய் வேணுமான்னு கேட்டுட்டுக் குடிச்ச."

அவள் அழ ஆரம்பித்தாள். மூலையை விடாமலே அழுதாள்.  அப்போதும் எனக்கு அந்தக் கண்ணைத் துடைக்கலாமா என்று கை பரபரத்தது, அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"என்னடி பண்ணப் போற?"

"எழுதிக் குடுக்கப் போறேன். இல்லன்னா முப்பதாம் தேதி எனக்கு வீடு இல்ல."

"எழுது. யாரோ எடுத்துட்டாங்கன்னு எழுது. பேர் எதுக்குடி? வேல போயிடும். போலீஸ் வரும். இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"யாரோன்னா பன்னண்டு பேரையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. துணி விடறவளுக்குப் புருஷன் இல்ல. அவ எங்க போவா?"

 இடைவேளை வரைக்கும் மிச்ச விரிப்புகளை மடித்தோம். நூலிழை பிசகாமல் மடித்தோம், அதுதான் கொடுமை. இடைவேளையில் அவள் சாவியை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனாள். வழக்கம்தானே, தவறிய அழைப்பு பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன் என்றால் என்னை எதால் அடிப்பது?

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் விளக்குகூடப் போடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கார் நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலை அவருக்கு. சாதாரணமாக எனக்குப் பிறகுதான் வருவார்.

"மத்தியானம் உன் போன்ல இருந்து கூப்பிட்டாங்க" என்றார். "நீதான்னு எடுத்தேன். அக்கா பேசினாங்க."

 என் போன். என் பட்டை. என் நம்பர்.

"ஊர்ப்பட்ட கடன் வாங்கி வெச்சிருக்கியாம். ரெண்டு மாசம் வாடகை குடுக்கலையாம். இப்போ பழிய அவங்க மேல போடப் பாக்கறியாம். நான் உன்னக் கண்டிச்சு வெக்கணுமாம்."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்ட்டை எடுத்து வைத்தேன். அவர் அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இதுவுமா?"

"உங்களுக்குச் சீட்டு நம்பர் தெரிய மாட்டேங்குதுன்னு..."

"எவளோ போன் பண்ணிச் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?" சத்தம் போடாமல்தான் கேட்டார். "அவ உன்ன ஏமாத்தினா, சரி. எட்டு மாசமா தெனமும் சாயங்காலம் ஒண்ணும் இல்ல, களைப்பா இருக்குன்னு சொன்னியே, அது?"

அவள் செய்ததற்கு என்னிடம் ஆயிரம் வசவு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. அவள் என்னிடம் மறைத்தாள், நான் இவரிடம் மறைத்தேன். நான் மறைத்ததனால்தான் அவளால் முடிந்தது. மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"காலைல பத்துக்கு."

"நானும் வரேன். அப்புறம் அந்தக் கண்ணாடிய எடு, வழி தெரியணும்ல."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவருக்கு முதுகு வலி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சளி சாருக்குச் சளி கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு தாளை என் முன்னால் வைத்தார். தகரப் பெட்டி, சாவி, பட்டை, பின்பக்க கேட், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். யாரிடம் போன் இருந்தது என்ற இடத்தில் அவள் முழுப் பெயரை எழுதினேன். ஒன்பது வருஷமாக அக்கா என்று மட்டுமே கூப்பிட்டதால் எழுத்துக் கூட்டி எழுத வேண்டியிருந்தது. தாள் நகர்ந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் தாளின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் வாங்காத பொருள்களின் பட்டியலைப் பார்த்தேன். ஐந்தாவது வரியின் மேல் ஒரு கோடு போட்டேன்.

"என்னம்மா அடிச்சுட்டீங்க?" என்றார் சளி சார். "ஷூவும் நீங்க வாங்கினது இல்லயே. நீங்க கட்ட வேண்டாம்."

"இது என் கணக்குல இருக்கட்டும் சார்."

"அவங்க செஞ்சதுக்கு நீங்க ஏன்..."

"ஆறு மாசம் போட்டு நடந்திருக்கேன் சார். அவ குடுத்ததா இருக்க வேண்டாம்."

அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். சளி சார், நான் கட்ட வேண்டியது நாலு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஐந்து என்று மாற்றி, ஓரத்தில் என்னிடம் சின்னக் கையெழுத்து ஒன்று வாங்கிக்கொண்டார்.

வீடு போகவில்லை. சளி சார் போனில் ஓனரம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். அந்த மாத வாடகையை முப்பதாம் தேதி முழுதாகக் கொடுத்தோம், பாக்கியைப் பத்து மாதத்தில் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தோம். ஆப் கம்பெனி ஆறு வாரம் இழுத்தடித்துவிட்டு அக்கா எடுத்த மற்ற நாலு பொருளை என் பெயரில் இருந்து எடுத்தது. பெட்டியக்கா அடுத்த திங்கட்கிழமையில் இருந்தே வரவில்லை. மகன் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்றும் சொன்னார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தகரப் பெட்டி போய் ஆளுக்கொரு சின்னப் பெட்டியும் சாவியும் வந்தன. போனில் இருந்து பட்டையை உரித்துவிட்டேன். பசை மட்டும் போகவில்லை, கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நல்லது செய்துகொண்டே செய்தாளே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசினால் முதலில் போன் இருக்கிறதா என்று இடுப்பைத் தடவிப் பார்க்கிறேன்.

மடிப்பதற்குப் புது ஜோடி வந்திருக்கிறாள். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம். இன்னும் கை பழகவில்லை. மூலையை நீட்டினால் இடது பக்கமா வலது பக்கமா என்று தடுமாறுவாள், நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். நேற்று இடைவேளையில் டீயை ஆற்றிக்கொண்டே என் காலைப் பார்த்தாள். எனக்கும் கையில் டீ இருந்தது.

"ஷூ நல்லா இருக்கேக்கா. நின்னு நின்னு எனக்கும் கால் போகுது. யார் வாங்கிக் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. நானே வாங்கினது" என்றேன். "இன்னும் ரெண்டு தவண இருக்கு."